கறுப்புக் குட்டி வெளுக்கிறது: குதிரையின் நிறத்தை எது முடிவு செய்கிறது?

#1 அத்தாணி_புரவி

எல்லோருக்கும் வணக்கம். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் ஒரு பெண்குட்டி வாங்கினேன். அப்போது அதற்கு ஐந்து மாதம் இருக்கும். கன்னங்கறுப்பு. வெயிலில் நின்றால் எண்ணெய் தேய்த்துவிட்டது போல மின்னும். "சுத்தக் கறுப்பு, சுழியும் சுத்தம்" என்று சொல்லித்தான் விற்றவர் கொடுத்தார். கறுப்பு என்பதற்காகவே கொஞ்சம் கூடுதலாகவும் கொடுத்து வாங்கினேன். பேர் கருப்பி.

மூன்று வாரத்துக்கு முன்பு குளிப்பாட்டும்போது கவனித்தேன். இரண்டு கண்ணைச் சுற்றியும் வட்டமாக வெள்ளை முடி, மூக்குக்கண்ணாடி போட்டது மாதிரி. இப்போது நெற்றியிலும் கன்னத்திலும் உப்பு தூவியது போல அங்கங்கே வெள்ளை. தீனியில் குறை வைக்கவில்லை, துருதுருவென்றுதான் இருக்கிறாள்.

சாயம் அடித்து விற்றுவிட்டாரா? இல்லை சத்துக் குறைவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கொட்டில்காரர்

தம்பி, சாயமாக இருக்காது. சாயம் ஒரு மழைக்குத் தாங்காது, நீங்கள் வாங்கி ஒரு வருஷம் ஆகிவிட்டது. எனக்குத் தாமிரச் சத்துக் குறைவு என்று படுகிறது. மாட்டுக்குத் தாமிரம் குறைந்தால் கண்ணைச் சுற்றித்தான் முதலில் வெளுக்கும், பார்த்திருக்கிறேன். தாது உப்புக் கலவை கொடுத்துப் பாருங்கள்.

#3 மரபணுத்தோழி

நான் கால்நடை மருத்துவர், குதிரை மரபியல் எனக்குப் பிடித்த பாடம். கொட்டில்காரர் ஐயா சொன்னது மாட்டுக்குப் பொருந்தும். இந்தக் குட்டிக்கு அதுவல்ல என்றுதான் நினைக்கிறேன். தம்பி, இரண்டு கேள்வி.

ஒன்று: கண்ணோரத்து வெள்ளை முடி ஒன்றை வெளிச்சத்தில் பாருங்கள். அடியிலிருந்து நுனிவரை முழு வெள்ளையா, அடி மட்டும் வெள்ளையா? இரண்டு: தாய் தகப்பன் என்ன நிறம்? யாரிடமாவது விசாரிக்க முடியுமா?

#4 அத்தாணி_புரவி

டாக்டர் அக்கா, முடியைப் பார்த்தேன். சிலது முழு வெள்ளை. சிலது அடி வெள்ளை, நுனி கறுப்பு. விற்றவரிடம் போனில் பேசினேன். தாய் கறுப்பு. தகப்பன் "நல்ல வெள்ளைக் குதிரை, கல்யாண ஊர்வலத்துக்குப் போவது" என்கிறார். கறுப்பும் வெள்ளையும் கலந்ததால்தான் குட்டி சாம்பலாகிறதா?

#5 மரபணுத்தோழி

இப்போது தெளிவாகிவிட்டது. உங்களை ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். அன்றைக்குக் குட்டி கறுப்புதான். அது நரைக்கிற குதிரை, அவ்வளவுதான். நிறம் கலந்து வந்த சாம்பல் இல்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

குதிரையின் முடியில் இருப்பது இரண்டே சாயம்: கறுப்பு மெலனின், சிவப்பு மெலனின். நாம் பார்க்கும் அத்தனை நிறமும் இந்த இரண்டை எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது, எப்போது நிறுத்துவது என்ற கணக்கில்தான் வருகிறது.

முதல் கணக்கு எம்.சி.1.ஆர் என்ற மரபணு. நிறமி செய்கிற செல்லின் மேல்பரப்பில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை ஒரு ஹார்மோன் அழுத்தினால் செல் கறுப்பு செய்யும், அழுத்தாவிட்டால் சிவப்பு செய்யும். இந்த மரபணுவின் டி.என்.ஏ வரிசையில் ஒரே ஒரு எழுத்து மாறினால் சுவிட்ச் வேலை செய்யாது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பழுதான பிரதியே வந்தால் முடி முழுக்கச் சிவப்புதான். அதுதான் செவலைக் குதிரை. 1996இல் இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். மனிதர்களில் செம்பட்டை முடிக்குக் காரணமும் இதே மரபணுதான்.

இரண்டாவது கணக்கு ஏ.எஸ்.ஐ.பி என்ற மரபணு. இது செய்கிற புரதம் போய் அந்தச் சுவிட்சை மறித்துக்கொள்ளும், ஆனால் உடம்பில் மட்டும். பிடரி, வால், முழங்காலுக்குக் கீழே, காது விளிம்பு ஆகிய இடங்களில் மறிக்காது. அதனால் உடம்பு சிவந்தும் பிடரி, வால், கால் கறுத்தும் நிற்கும் குதிரை கிடைக்கிறது. வடக்கே குமைத் என்பார்கள். இந்த மரபணு தாய், தகப்பன் இரு பக்கத்திலிருந்தும் பழுதாக வந்தால் மறிக்க ஆளில்லை, முழுக் கறுப்பு. பழுது என்பது அந்த மரபணுவில் 11 எழுத்து காணாமல் போனது, வேறொன்றுமில்லை.

இது அடித்தளம். கருப்பியின் அடித்தளம் கறுப்பு. அதன்மேல் மூன்றாவதாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது: நரை.

எஸ்.டி.எக்ஸ்.17 என்ற மரபணுவுக்குள் சுமார் 4,600 எழுத்துள்ள ஒரு துண்டு இரட்டித்துப்போயிருக்கிறது. சுவீடனின் உப்சாலாவில் லீஃப் ஆண்டர்சன் குழு 2008இல் இதைக் கண்டுபிடித்தது. இதில் ஒரு பிரதி வந்தாலே போதும், குதிரை நரைத்தே தீரும். முடியின் வேரில் நிறமி செல்களைப் புதுப்பித்துத் தரும் மூலசெல்கள் சின்ன வயதிலேயே தீர்ந்துவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு முறை முடி உதிர்ந்து முளைக்கும்போதும் சாயம் இல்லாத முடி கூடிக்கொண்டே போகும். அடி வெள்ளையும் நுனி கறுப்புமாக நீங்கள் பார்த்த முடி, வளர்ந்துகொண்டிருக்கும்போதே சாயம் நின்றுபோன முடி.

தகப்பன் "வெள்ளை" இல்லை. அதுவும் ஏதோ ஒரு நிறத்தில் பிறந்து நரைத்ததுதான். முகவாயையும் கண்ணிமையையும் பாருங்கள், தோல் கறுப்பாக இருக்கும். தண்ணீர் ஊற்றி நனைத்தால் உடம்பிலும் உள்ளே இருக்கிற கருந்தோல் தெரியும்.

#6 கொட்டில்காரர்

டாக்டரம்மா, நன்றி. நாற்பது வருஷமாகக் குதிரை வைத்திருக்கிறேன். வெள்ளைக் குதிரைக்குக் கறுப்புக் குட்டி பிறந்தால் "வளர வளர மாறும்" என்று அப்பா சொல்வார், ஏன் என்று சொன்னதில்லை. காங்கேயம் கன்று கூடச் செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலையாகிவிடுகிறதே, அதுவும் இந்தக் கணக்குதானா?

#7 மரபணுத்தோழி

நல்ல கேள்வி ஐயா. பார்க்க ஒன்று போலத் தோன்றினாலும் வேறு வேறு. காங்கேயத்தில் கன்றின் முடி கொட்டி, அந்த இனத்துக்கு உரிய சாம்பல் முடி வருகிறது, அத்தோடு நிலைத்துவிடும். வளர்ந்த காளையின் திமிலும் கழுத்தும் கறுத்தே இருக்கும். குதிரையில் நரை நிற்காது, வருஷா வருஷம் போய்க்கொண்டே இருக்கும். பொதுவாக ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் உடம்பு வெளுத்துவிடும். அதற்கு முன்னால் இரண்டு மூன்று வருஷம் உடம்பெல்லாம் வட்ட வட்டமாகக் காசு பதித்தாற்போல ஒரு அழகு வரும். கருப்பியை அந்த வயதில் படம் எடுத்து வையுங்கள், திரும்பக் கிடைக்காது.

#8 வியன்னா_வேலன்

நான் ஆஸ்திரியாவில் படிக்கிறேன். இங்கே லிப்பிசானர் குதிரைகள் பிரசித்தம். வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளியில் ஆடுகிற கிட்டத்தட்ட அத்தனையும் பால்வெள்ளை. ஆனால் அவை பிறந்து வளரும் பீபர் பண்ணையில் குட்டிகளைப் பார்த்தவர்கள் திகைத்துப் போவார்கள். தாய் வெள்ளை, காலடியில் நிற்கும் குட்டி கறுப்பு அல்லது அடர் பழுப்பு. தலைமுறை தலைமுறையாக வெள்ளையையே தேர்ந்து சேர்த்ததால் இந்த இனத்தில் நரை மரபணு கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கிறது. எப்போதாவது ஒன்று நரைக்காமல் குமைத்தாகவே நின்றுவிடும். அப்படி ஒன்றைப் பள்ளியில் வைத்திருப்பது அதிர்ஷ்டம் என்று இங்கே நம்பிக்கை.

#9 தேனி_மாணவன்

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் தாத்தா காலத்தில் இரண்டு செவலைக்குக் கறுப்புக் குட்டி பிறந்ததாக ஊரில் சொல்கிறார்கள். மரபணு தோழி சொன்னபடி பார்த்தால் அது நடக்கக் கூடாதே?

#10 மரபணுத்தோழி

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. இரண்டு உண்மையான செவலைக்குக் கறுப்போ குமைத்தோ பிறக்காது. இரண்டிலுமே சுவிட்ச் பழுது, குட்டிக்குக் கொடுக்க நல்ல பிரதியே இல்லை. ஆஸ்திரிய, இத்தாலிய மலைப்பகுதியின் ஹாஃப்லிங்கர், இங்கிலாந்தின் சஃபோக் பஞ்ச் இனங்கள் முழுக்கச் செவலையாகவே தொடர்வது இதனால்தான்.

அப்படியானால் ஊரில் சொல்வது பொய்யா என்றால், பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நம் வெயிலில் நிற்கிற கறுப்புக் குதிரை வெளுத்து, துருப்பிடித்த பழுப்பாகிவிடும். அதைச் செவலை என்று பேர் வைத்திருக்கலாம். கண்ணிமைக்கு மேலேயும் முகவாயிலும் முடியைப் பார்த்தால் தெரிந்துவிடும், அங்கே கறுப்பு மிச்சமிருக்கும். வெயில் படாத இடத்தில், சேணத்துக்கு அடியில் பார்த்தாலும் தெரியும். மறுபக்கம், கறுப்போ என்று மலைக்கிற அளவுக்கு அடர்ந்த செவலையும் உண்டு. அப்படி ஒரு குட்டியையே கறுப்பு என்று சொல்லியிருக்கலாம். இதை விட்டால், குட்டிக்குத் தகப்பன் வேறு.

மற்றபடி இரண்டு குமைத்துக்கு மூன்று நிறமும் பிறக்கலாம். இரண்டுமே சிவப்பையும் கறுப்பையும் உள்ளே சுமந்தால் 16 பங்கில் 9 குமைத், 3 கறுப்பு, 4 செவலை. பள்ளியில் பட்டாணிச் செடியை வைத்துப் படித்த அதே ஓங்கு, ஒடுங்கு பண்புதான்.

#11 குளம்படி

நான் ஒரு கத்தியவாரி (குஜராத் இனக் குதிரை) வைத்திருக்கிறேன். மண் நிறம். முதுகுத்தண்டு நெடுக, பிடரியிலிருந்து வால்வரை கோடு இழுத்தது போல ஒரு கறுப்புப் பட்டை. முன்னங்காலில் வரிக்குதிரை மாதிரி லேசான வரிகள். கழுதை கலப்பு என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார், மனசு கஷ்டமாகிவிட்டது. கோடு ஏன் வருகிறது?

#12 மரபணுத்தோழி

கழுதைக் கலப்பு கிடையாது, நிம்மதியாக இருங்கள். கழுதையோடு சேர்ந்தால் பிறப்பது கோவேறு கழுதை, அது குட்டி போடுவதே அபூர்வம். உங்கள் குதிரையின் நிறம் குதிரை இனத்திலேயே மிகப் பழைய நிறம். மங்கோலியாவின் காட்டுக் குதிரையான பிரெவால்ஸ்கிக்கும் இதே மண் நிறம், இதே முதுகுக் கோடு. கத்தியவாரியில் இது சகஜம், முழுக் கறுப்புதான் அந்த இனத்தில் கிடையாது.

இதன் மரபணு டி.பி.எக்ஸ்.3. 2016இல் வெளிவந்த ஆய்வில் முடியை வட்டமாகக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இது என்னை வியக்க வைத்த விஷயம், அதனால் விரித்துச் சொல்கிறேன். மண் நிறக் குதிரையின் உடம்பு முடியில் சாயம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. வெளிப்புறம் பார்த்த பக்கத்தில் சாயம், தோலைப் பார்த்த பக்கம் கண்ணாடி போல வெறுமை. பாதி சாயம் என்பதால் நிறம் வெளிறித் தெரிகிறது. முதுகுக் கோட்டில் உள்ள முடியில் மட்டும் சாயம் சுற்றிலும் இருக்கும். ஆக, கோட்டை யாரும் புதிதாக வரையவில்லை. கோடு இருக்கிற இடம்தான் குதிரையின் உண்மை நிறம், மற்ற இடம் வெளிறிப்போனது. வளர்ப்புக் குதிரைகளில் பெரும்பாலானவற்றில் இந்த மரபணுவின் வேலை மழுங்கிவிட்டது, அதனால் உடம்பெங்கும் முழுச் சாயம்.

#13 குளம்படி

டாக்டரம்மா, கண் கலங்கிவிட்டது. அந்தக் கோட்டை இன்று சாயங்காலம் ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தேன்.

#14 கொட்டில்காரர்

பஞ்சகல்யாணிக்கு என்ன கணக்கு? நாலு காலும் முகமும் வெள்ளை. அந்த அடையாளத்துக்குச் சந்தையில் தனி மதிப்பு. மார்வாடிக் குதிரைக்காரர்களும் அதை ராசி என்பார்கள். ஆனால் பஞ்சகல்யாணிக்குப் பஞ்சகல்யாணியே பிறப்பதில்லை, இரண்டு கால் வெள்ளையோடு வந்து நிற்கிறது.

#15 மரபணுத்தோழி

ஐயா, இது கருவில் நடக்கிற பயணம். நிறமி செல்கள் தோலில் தாமாக முளைப்பதில்லை. கரு உருவாகும்போது முதுகுத்தண்டு ஓரத்தில் பிறந்து, அங்கிருந்து நடந்து உடம்பெங்கும் பரவுகின்றன. முதுகு கிட்டே, அங்கே சுலபமாகப் போய்ச் சேரும். குளம்படியும் நெற்றியும் மூக்கு நுனியும் வயிற்றடியும் தூரம். செல்கள் எண்ணிக்கையில் குறைந்தாலோ மெதுவாக நடந்தாலோ தூரத்து இடங்களுக்குப் போய்ச் சேராது. சேராத இடம் வெள்ளை. பஞ்சகல்யாணியின் வெள்ளை ஏன் காலிலும் முகத்திலும் மட்டும், முதுகில் இல்லை என்பதற்கு இதுதான் காரணம்.

இந்தப் பயணத்தை நடத்துகிற மரபணுக்கள் பல. கே.ஐ.டி, எம்.ஐ.டி.எஃப் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதோடு கருப்பையில் நடக்கிற தற்செயலுக்கும் பங்கு உண்டு. ஒரே குதிரையின் நகலாகப் பிறந்த குளோனிங் குட்டிகளில்கூட வெள்ளை அடையாளம் அச்சு அசலாக இருப்பதில்லை. ஆகவே வெள்ளை வருமா என்பது ஓரளவு பரம்பரை, எந்தக் காலில் எவ்வளவு என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இங்கேயே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பெயின்ட் குதிரைகளில் ஃபிரேம் என்று ஒரு வெள்ளைத் திட்டு வகை உண்டு. ஈ.டி.என்.ஆர்.பி மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். ஒரு பிரதி இருந்தால் அழகான திட்டு, குதிரைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு பிரதி வந்தால் குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும், பால் குடிக்கும், சாணம் போகாது. குடலை அசைக்கும் நரம்பு செல்களும் நிறமி செல்களும் கருவில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறவை. நிறம் போய்ச் சேராத குட்டியில் குடலுக்கு நரம்பும் போய்ச் சேர்ந்திருக்காது. வயிறு உப்பி, சில நாளில் இறந்துவிடும். காப்பாற்ற வழியில்லை. இரண்டு ஃபிரேம் குதிரைகளைச் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு இந்த ஆபத்து. சோதனை செய்யாமல் சேர்ப்பதை நான் பாவம் என்றே சொல்வேன். அழகுக்காக ஒரு குட்டியை அந்த வேதனைக்குள் பிறக்க வைக்கக் கூடாது.

#16 தேனி_மாணவன்

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. நுக்ரா என்று விற்கிறார்களே, ரோஸ் நிறத் தோலோடு வெள்ளையாக, அதுவும் நரையா?

#17 மரபணுத்தோழி

இல்லை. தோல் ரோஸாக இருந்து, குட்டியிலேயே வெளுத்திருந்தால் நரைக் கணக்கில் சேராது. ஒன்று, நிறமி செல் தோலுக்கே வராத வெள்ளை. அல்லது எஸ்.எல்.சி.45.ஏ.2 என்ற மரபணுவில் நிறத்தை வெளிற வைக்கும் வடிவம் இரண்டு பிரதி வந்தது. இரண்டாவது வகையில் கண் வெளிர் நீலமாகவும், முடி சுத்த வெள்ளையாக இல்லாமல் பாலேடு நிறத்திலும் இருக்கும். இதே வடிவம் ஒரு பிரதி மட்டும் வந்தால் செவலை பொன்னிறமாகும், பிடரியும் வாலும் வெளுக்கும். பொன்னிறத்துக்குப் பொன்னிறம் சேர்த்தால் பாதிதான் பொன்னிறம். கால் பங்கு செவலை, கால் பங்கு பாலேடு. பொன்னிறத்தை நிலையான இனமாக்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான். கறுப்புக் குதிரையில் ஒரு பிரதி இருந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது.

ரோஸ் தோல் குதிரை வைத்திருப்பவர்கள் உச்சி வெயிலில் நிழலில் கட்டுங்கள். மூக்கு வெந்துவிடும்.

#18 அத்தாணி_புரவி

நான் கேட்ட ஒரு கேள்விக்கு இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு விஷயம் மட்டும். நரைப்பதால் உடம்புக்குக் கெடுதல் உண்டா? பிறகு, எனக்குக் கறுப்புக் குட்டி வேண்டும் என்ற ஆசை போகவில்லை. கருப்பிக்குக் கறுப்புப் பிறக்குமா?

#19 மரபணுத்தோழி

மறைக்காமல் சொல்கிறேன். நரைக் குதிரைகளுக்கு நிறமி செல்லில் கட்டி வருவது அதிகம். 15 வயதைத் தாண்டியவற்றில் பத்தில் ஏழெட்டுக்கு இருக்கும். பெரும்பாலும் வாலுக்கு அடியில், ஆசனவாயைச் சுற்றி, உதட்டில், காதுக்குக் கீழே. மிளகு அளவில் கெட்டியான கறுப்பு உருண்டையாகத் தொடங்கும். பல வருஷம் சும்மா கிடக்கும், சிலதுதான் பரவும். முடியில் நிறமி செல்களைத் தீர்த்துவிடுகிற அதே இரட்டிப்பு, தோலில் அவற்றைப் பெருக்கிவிடுகிறது. அடித்தளம் கறுப்பாக உள்ள நரைக்கு ஆபத்து இன்னும் கொஞ்சம் கூடுதல், ஆகவே கருப்பிக்கு நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை வாலைத் தூக்கி விரலால் தடவிப் பாருங்கள். இப்போதே பழக்கிவிட்டால் பெரியவளானதும் உதைக்க மாட்டாள்.

2024இல் ஒரு நல்ல செய்தி வந்தது. அந்தத் துண்டு இரண்டு முறை இருக்கும் குதிரையும் உண்டு, மூன்று முறை இருக்கும் குதிரையும் உண்டு. இரண்டு முறை உள்ளவை மிக மெதுவாக நரைக்கின்றன, கட்டி ஆபத்தும் அவற்றில் கூடியதாகத் தெரியவில்லை. மூன்று முறை உள்ளவைதான் வேகமாக வெளுப்பவை. ஒன்றரை வயதில் இந்த வேகம் என்றால் கருப்பி மூன்று முறை உள்ள வகையாகத்தான் இருக்கும்.

குட்டி விஷயம். தாய் நரைக்காத கறுப்பு, ஆகவே கருப்பியிடம் நரை ஒரு பிரதிதான். நரைக்காத கறுப்புப் பொலிகுதிரையோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி நரைக்காத குட்டி. இருவரும் சிவப்பை உள்ளே ஒளித்து வைத்திருந்தால் அந்தப் பாதியிலும் கால் பங்கு செவலையாகிவிடும். ஆக, நரைக்காத கறுப்பு மோசமான கணக்கில் எட்டுக்கு மூன்று, நல்ல கணக்கில் எட்டுக்கு நாலு. பொலிகுதிரைக்குச் சிவப்பு உண்டா என்று சோதனையில் தெரிந்துகொள்ளலாம். பிடரி முடி இருபது முப்பது, வேரோடு பிடுங்கி அனுப்ப வேண்டும். கத்தரித்தால் பயனில்லை, வேரில்தான் செல் இருக்கிறது.

குட்டி பிறந்ததும் ஒன்று பாருங்கள். நரைக்காத கறுப்புக் குட்டி பெரும்பாலும் எலி நிறத்தில் மங்கலாகப் பிறக்கும், முதல் முடி கொட்டிய பிறகே கறுக்கும். பிறந்ததுமே கன்னங்கறுப்பாக மின்னினால் அது நரைக்கப் போகிற குட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

#20 கொட்டில்காரர்

இந்தக் கடைசி வரியை முப்பது வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் எத்தனை குட்டியைச் சரியான விலைக்கு விற்றிருப்பேன், வாங்கியிருப்பேன். மங்கலாகப் பிறந்த இரண்டு குட்டிகளை நோஞ்சான் நிறம் என்று நினைத்துக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். அத்தாணி தம்பி, அடுத்த ஆடியில் சந்தைக்கு வரும்போது சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம். வாங்குமுன் தாய் தகப்பனைக் கேட்போம். தகப்பன் வெள்ளை என்றால் முகவாயைப் பார்ப்போம்.

#21 அத்தாணி_புரவி

கண்டிப்பாக வருகிறேன் ஐயா. விற்றவரை மனசுக்குள் திட்டியதற்கு வருத்தமாக இருக்கிறது. அவருக்கும் இந்த இழையைப் படித்துக் காட்டினேன், அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

இன்று காலை வாலுக்கு அடியில் தடவிப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. என் மகள் கருப்பியின் நெற்றி முடியிலிருந்து ஒன்றை எடுத்து நோட்டில் ஒட்டித் தேதி போட்டிருக்கிறாள். மேலே ஒரு விரற்கடை கறுப்பு, கீழே வெள்ளை. ஒவ்வொரு மாதமும் ஒன்று ஒட்டப் போகிறாளாம். பொங்கலுக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன்.